ஏசி இல்லாத வீட்டுக்கு 640 யூனிட், எங்கே போகுதுன்னே தெரியலைங்க

தென்னந்தோப்பு | கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு, கேரளா) | மே 4, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணு நாளா ஊட்ல ஒரே சண்டை. கரண்ட் பில்லுதான் காரணம். மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசத்துக்கு 640 யூனிட். போன வருஷம் இதே ரெண்டு மாசத்துக்கு 428. பழைய பில்லை அப்பா கம்பியில குத்தி வெச்சிருந்தார், அதனால தெரியும்.

ஏசி கிடையாது. புதுசா ஒரு சாமானும் வாங்கலை. ஆள் எண்ணிக்கையும் அதே ஆறுதான். முன்கட்டு ஓட்டு வீடு, பின்னால ரெண்டு ரூம் கான்கிரீட். இருக்கிறது இவ்வளவுதான்: ஃபேன் ஆறு (பன்னெண்டு வருஷப் பழசு), ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ் (பதினோரு வருஷம்), டிவி, வாஷிங் மிஷின், அரை ஹெச்பி மோட்டார், கிரைண்டர், மிக்ஸி. சோறு ரெண்டு வருஷமா இண்டக்ஷன்ல. இன்வெர்ட்டர் ஒண்ணு உண்டு, அது கரண்ட் போனாத்தானே வேலை செய்யும். லைட் எல்லாம் எல்இடி.

பில் வந்த நாள்ல இருந்து அப்பா ரூம் ரூமாப் போய் லைட்டை அணைக்கிறார். நேத்து பாத்ரூம்ல நான் உள்ளே இருக்கும்போதே அணைச்சுட்டார். மாமனார் வந்திருந்தப்போ அவர் உக்காந்திருந்த ஃபேனையும் அணைச்சதுல சம்சாரம் பேச்சை நிறுத்தியாச்சு. அம்மா வேற மாடிப்படிக்கு அடியில எலி செத்துக் கிடக்குது, நாத்தம் தாங்கலைன்னு ரெண்டு வாரமா என்னைத் தேடச் சொல்லித் திட்டறாங்க. ஒண்ணும் கிடைக்கலை.

யாராவது வழி சொல்லுங்க. எங்கே போகுது இந்த 200 யூனிட்?

செம்மண் | மே 4, இரவு 9.52

மீட்டர் ஓட்டம் அதிகமா இருக்கும். மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க.

கணக்குப்புள்ளை | பொள்ளாச்சி | மே 4, இரவு 10.30

தம்பி, யூனிட் எங்கே போச்சுன்னு மத்தவங்க சொல்லட்டும். பணம் எங்கே போச்சுன்னு நான் சொல்றேன்.

கேரளாவில் மாசம் 250 யூனிட் வரைக்கும் படிப்படியா கணக்கு. முதல் 50-க்கு ஒரு ரேட், அடுத்த 50-க்கு ஒரு ரேட், அப்படி. 250-ஐத் தாண்டிட்டா படிக்கட்டையே எடுத்துடுவாங்க. முதல் யூனிட்ல இருந்து கடைசி யூனிட் வரைக்கும் ஒரே ரேட். உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், அப்ப எல்லை 500.

2023 நவம்பர்ல வந்த கட்டணத்தை வெச்சுப் போட்டுப் பார்த்தேன். படிகள் 3.25, 4.05, 5.10, 6.95, 8.20. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 2,755 ரூபாய். 501 ஆனா எல்லாத்துக்கும் 6.40, அதாவது 3,206. ஒரே ஒரு யூனிட்டுக்கு 451 ரூபாய்! நிலைக் கட்டணம், வரி எல்லாம் தனி. அதுக்கப்புறம் ரேட் ஏறியிருக்கு, முறை அதேதான்.

இங்கே நாங்க சிரிக்கறதுக்கும் ஒண்ணுமில்லை. தமிழ்நாட்டுலயும் மாயக்கோடு அதே 500-தான். 100 யூனிட் சும்மா கிடைக்குது, சரி. 101-ல இருந்து 200 வரைக்கும் பாதி ரேட், அதுவும் சரி. 500-ஐத் தாண்டினா அந்தப் பாதி ரேட் போயிடும். 2022 செப்டம்பர் கட்டணத்துல 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரு யூனிட்டுக்கு 233. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே இடத்துல பள்ளம் வெட்டி வெச்சிருக்காங்க, ஆழம்தான் வேற.

ஆக நீங்க 640-ல இருந்து 600-க்கு இறங்கினா அந்த ஒரே ரேட்டும் அளவுக்குத் தக்கபடி ஒரு படி குறையும், ஆனா படிக்கட்டு திரும்ப வராது. 500-க்குக் கீழே இறங்கினாத்தான் பில்லு மூஞ்சி மாறும்.

தென்னந்தோப்பு | மே 4, இரவு 10.41

ஐயா, இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப நான் லைட்டை அணைச்சது சரிதானே"ங்கறார். ஏனுங்க இப்படிப் பண்ணிட்டீங்க.

டீச்சரம்மா | சித்தூர் (பாலக்காடு) | மே 5, காலை 6.15

உங்கப்பா கணக்கு தப்பில்லைங்க, அது அவர் காலத்துக் கணக்கு. அவருக்குத் தெரிஞ்சது 60 வாட்ஸ் குண்டு பல்பு. ராத்திரி பத்து மணி நேரம் மறந்து விட்டா அரை யூனிட்டுக்கு மேலே போயிடும். இப்ப எரியறது 9 வாட்ஸ். அதே பத்து மணி நேரத்துக்கு யூனிட்ல பத்துல ஒரு பங்குகூட இல்லை. அரை மணி நேரம் துணி தேய்க்கற கரண்ட்ல அந்த பல்பு ரெண்டு நாளுக்கு மேலே எரியும்.

வெயிலை மறந்துடாதீங்க. 2024 ஏப்ரல் கடைசியில பாலக்காட்டுல 41 டிகிரியைத் தாண்டினப்போ மொத்தக் கேரளாவும் ஒரு நாளைக்கு 11 கோடி யூனிட்டுக்கு மேலே செலவு பண்ணிச்சு. எங்க வீட்ல ஏசி வாங்கினது அந்த மே மாசம்தான். முதல் மாசம் 20-ல வெச்சு நடுங்கிக்கிட்டே போர்வை போத்திப் படுத்தோம். பில் வந்த பிறகு 26-ல வெச்சு ஃபேனை ஒண்ணுல போட்டுக்கறோம், தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு டிகிரி ஏத்தினா ஆறு சதவீதம் மிச்சம்னு மின்சிக்கன அமைப்பு சொல்றது ஏறக்குறைய சரியாத்தான் இருக்கு. 2020-ல இருந்து ஸ்டார் போட்ட புது ஏசி எல்லாம் போட்டதும் 24-ல நிக்கணும்னு விதியே கொண்டுவந்தாங்க. நாமதான் ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைக்கறோம்.

உங்களுக்கு ஏசி இல்லை, அப்ப ஃபேன்தான் முதல் சந்தேகம். 75 வாட்ஸ் பழைய ஃபேனுக்குப் பதிலா பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் ஃபேன்) போட்டா 30 வாட்ஸ். ஒரு ஃபேன் தினம் 14 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 38 யூனிட் குறையும்.

கட்டிங்பிளையர் | கோவிந்தாபுரம் | மே 5, காலை 7.50

டீச்சர் சொல்றது எல்லாம் சரி. ஆனா ஃபேன் போன வருஷமும் அதே ஃபேன்தானே? போன வருஷமும் வெயில் இருந்துச்சுதானே? 200 யூனிட் திடீர்னு ஏறியிருக்குன்னா புதுசா ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு.

இருபத்திரெண்டு வருஷமா செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வயரிங் பண்றேன். மீட்டர் ஓட்டம்னு கூப்பிட்ட வீட்ல பத்துக்கு ஒம்பது மீட்டர் நல்லா இருக்கும். மாத்தச் சொல்றதுக்கு முந்தி இதைப் பண்ணுங்க தம்பி, காசு செலவில்லை, செல்போன்ல ஸ்டாப்வாட்ச் இருந்தாப் போதும்.

மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட் கண் சிமிட்டும். மீட்டர் முகத்துல 3200 இல்லைன்னா 1600 அந்த மாதிரி ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். 3200-ன்னா, அத்தனை தடவை சிமிட்டினா ஒரு யூனிட். ஒரு சிமிட்டுக்கும் அடுத்த சிமிட்டுக்கும் எத்தனை நொடின்னு பாருங்க. 1125-ஐ அந்த நொடியால வகுத்தா அந்த நிமிஷம் வீடு எத்தனை வாட்ஸ் இழுக்குதுன்னு வந்துடும். 15 நொடின்னா 75 வாட்ஸ், ஒரு ஃபேன். நம்பர் 1600-ன்னா 1125-க்குப் பதிலா 2250.

ராத்திரி எல்லாரும் படுக்கறதுக்கு முந்தி ஃபேன், லைட் எல்லாம் அணைச்சு, டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிட்டு மீட்டரைப் பாருங்க. ஒண்ணும் ஓடாத வீட்ல அது சிமிட்டவே கூடாது.

முக்கியமா ஒண்ணு. மெயின் சுவிட்சை அணைச்சு அணைச்சுப் பார்க்காதீங்க. அணைச்சதும் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பிக்கும், மறுபடி போட்டதும் சார்ஜுக்கு இழுக்கும், கணக்கு கெட்டுப் போயிடும். நாலஞ்சு மணி நேரமா கரண்ட் போகாத நாளாப் பார்த்துப் பண்ணுங்க.

தோவாளைப்பூ | களியக்காவிளை | மே 5, காலை 11.05

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுகேன். மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்டா போதும், திடீர்னு ரெண்டு தடவை, மூணு தடவை போட வேண்டியாச்சு. போர்ல தண்ணி கொறஞ்சு போச்சுன்னு நெனச்சோம். கடைசில பாத்தா மாடி கக்கூஸ் ஃபிளஷ் டேங்க்ல வாஷர் தேஞ்சு, ராத்திரி பூரா சத்தமே இல்லாம பீங்கான் ஓரமா நூல் மாதிரி தண்ணி இறங்கிக்கிட்டு கெடக்கு. பத்து ரூவா வாஷர். நம்ம கரண்டு கக்கூஸ்ல போச்சு மக்கா!

செம்மண் | மே 5, காலை 11.20

ஹஹ்ஹா. ஃபிளஷ் டேங்க்ல கொஞ்சம் மஞ்சத்தூள் கரைச்சு விட்டுப் பாருங்க. ஃபிளஷ் பண்ணாமலே கீழே மஞ்சள் வந்தா ஒழுகுதுன்னு அர்த்தம்.

கொச்சின்ரிட்டர்ன் | மே 5, மதியம் 2.10

எதுக்கு இவ்வளவு துப்பறியும் வேலை? மேல சோலார் போடுங்க. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 மானியம் குடுக்குது. ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட். பில்லே வராது.

கட்டிங்பிளையர் | மே 5, மாலை 6.30

சோலார் நல்லதுதான், வேண்டாங்கலை. ஆனா ஓட்டைக் குடத்தை அடைக்காம இன்னொரு கிணறு வெட்டச் சொல்றீங்க. முதல்ல வீடு உண்மையில எவ்வளவு தின்னுதுன்னு தெரியட்டும், அப்புறம் எத்தனை கிலோவாட்டுன்னு பேசலாம். 5 கிலோவாட் வேணும்னு நினைச்ச வீட்டுக்கு 2 போதும்னு முடிஞ்ச கதை எத்தனையோ உண்டு.

தென்னந்தோப்பு | மே 6, இரவு 10.55

அண்ணா, பண்ணியாச்சு. இன்னிக்கு காலையில இருந்து கரண்ட் போகலை. எங்க மீட்டர்ல 3200-ன்னுதான் போட்டிருக்கு.

குடும்பமே திண்ணையில நின்னுது. பையன் ஸ்டாப்வாட்ச், நான் டார்ச். எல்லாத்தையும் அணைச்சுட்டு, டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கியாச்சு. வீடு கும்மிருட்டு. அப்பா முகத்துல ஒரு நிம்மதி.

மீட்டர் சிமிட்டுது. எண்ணிப் பார்த்தா 9 நொடி. மறுபடி பார்த்தோம், 9. அஞ்சு தடவை பார்த்தும் 9-தான். 1125-ஐ 9-ஆல வகுத்தா 125 வாட்ஸ்! ஒண்ணுமே ஓடலை, ஆனா ரெண்டு ஃபேனுக்கு மேலே கரண்ட் போய்க்கிட்டே இருக்குது. அப்பா "பார்த்தியா, மீட்டர்தான் திருட்டு மீட்டர்"ங்கறார். மேற்கொண்டு என்ன பண்ணட்டும்?

கட்டிங்பிளையர் | மே 6, இரவு 11.02

இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு மீட்டரைப் பாருங்க. இப்பவே.

தென்னந்தோப்பு | மே 6, இரவு 11.09

நின்னுடுச்சுங்க. ரெண்டு நிமிஷம் பார்த்தோம், சிமிட்டவே இல்லை.

கட்டிங்பிளையர் | மே 6, இரவு 11.12

அந்த பேட்டரி எங்கே இருக்கு? மாடிப்படிக்கு அடியிலயா?

தென்னந்தோப்பு | மே 6, இரவு 11.13

ஆமாங்க, எப்படித் தெரியும்?

கட்டிங்பிளையர் | மே 6, இரவு 11.25

உங்கம்மா ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டே இருக்காங்களே தம்பி. அது எலி இல்லை.

போய் மோந்து பாருங்க, செத்த எலி வாசமா, அழுகின முட்டை வாசமான்னு. பேட்டரி பக்கத்துல தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் கொண்டு போகாதீங்க. புறங்கையை பேட்டரி பக்கவாட்டுல வெச்சுப் பாருங்க. சூடா இருக்கும். தொட முடியாத அளவு சூடுன்னா உடனே விலகி வந்துடுங்க. பிளக் பிடுங்கினபடியே கிடக்கட்டும், ஜன்னலைத் திறந்து வைங்க. காலையில வர்றேன்.

தென்னந்தோப்பு | மே 7, மதியம் 1.30

அண்ணன் காலையில எட்டு மணிக்கே வந்துட்டார். எல்லாருக்கும் உபயோகமா இருக்கும், விவரமாச் சொல்றேன்.

எங்க பேட்டரி ஆறு வருஷப் பழசு. உள்ளே ஆறு அறை, ஆறு மூடி. அண்ணன் ஒவ்வொரு மூடியாத் திறந்து ஹைட்ரோமீட்டர் (அறையில சார்ஜ் இருக்கான்னு காட்டற கருவி) விட்டுப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள்ள மிதக்கிற ஒரு குட்டிக் காய். அஞ்சு அறையில அது மேலே மிதந்தது, மூணாவது அறையில கல்லு மாதிரி அடியில உக்காந்துடுச்சு. அந்த அறையில தண்ணியும் தகடு தெரியற அளவுக்கு வத்திக் கிடந்தது.

அவர் சொன்னது இதுதான்: ஒரு அறை செத்துப்போனா பேட்டரி எப்பவுமே முழுசா நிறையாது. நிறைஞ்சாத்தான் இன்வெர்ட்டர் சார்ஜைக் குறைக்கும். நிறையாத வயித்துக்குச் சோறு போட்டுக்கிட்டே இருக்கற மாதிரி ராத்திரி பகலா ஊட்டிக்கிட்டே இருக்கும். மத்த அஞ்சு அறையும் அளவுக்கு மீறி சார்ஜாகி கொதிச்சு, தண்ணி ஆவியாகி, அந்த அழுகின முட்டை வாசம் வரும். நல்ல பேட்டரின்னா நிறைஞ்ச பிறகு ஏதோ கொஞ்சம்தான் இழுக்கும்.

125 வாட்ஸ், 24 மணி நேரம். ஒரு நாளைக்கு 3 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 180!

நாங்க சுத்த சைவம். முட்டை வாசம் எப்படி இருக்கும்னு அம்மாவுக்குத் தெரியாது. அதனாலதான் எலின்னு சொல்லியிருக்காங்க. அரிசி மூட்டை, பழைய பித்தளை, கொலு பொம்மைப் பெட்டின்னு அத்தனையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினேன். பேட்டரியை மட்டும்தான் நகர்த்திப் பார்க்கலை, கனமா இருக்குதுன்னு.

கணக்குப்புள்ளை | மே 7, மாலை 4.00

தம்பி, ஏறினது 212. பேட்டரி 180. மீதி 32 எங்கே? தவிர பேட்டரி மார்ச் ஒண்ணாம் தேதியே கெட்டுப் போச்சுன்னு என்ன ஆதாரம்? ஏப்ரல் நடுவுல கெட்டிருந்தா அது 50 யூனிட்கூட வராதே.

கட்டிங்பிளையர் | மே 7, மாலை 7.15

ஐயா கேக்கறது நியாயம். பேட்டரி ஒரே நாள்ல கெடாது, மெல்ல மெல்லத்தான் கெடும். தண்ணி அந்தளவு வத்தியிருக்கறதைப் பார்த்தா மாசக்கணக்காத் தின்னிருக்கு. வாசம் கடைசியில வந்தது.

இன்னொரு ஆளும் மாட்டியிருக்கு. ஃபிரிட்ஜ். கிளம்பறதுக்கு முந்தி அதை மட்டும் ஓட விட்டு மீட்டரைப் பார்த்தோம். காபி குடிச்சு, கதை பேசி, நாப்பது நிமிஷம் ஆச்சு. கம்ப்ரஸர் ஒரு தடவைகூட நிக்கலை. கதவுல பத்து ரூபா நோட்டை வெச்சுச் சாத்தி இழுத்தா வெண்ணெய்ல இழுத்த மாதிரி வருது. கேஸ்கெட் (கதவு ஓரத்து ரப்பர்) கீழ் மூலையில வெடிச்சிருக்கு. தவிர சுவத்தோட ஒட்டி வெச்சிருக்காங்க, பின்னால ஒட்டடை கம்பளி மாதிரி. ஒரு ஜாண் முன்னால இழுத்து வெச்சுத் தட்டி விட்டேன். கேஸ்கெட்டுக்கு ஆள் வரச் சொல்லியிருக்கு.

டீச்சரம்மா | மே 7, இரவு 8.40

எல்லாரும் கெட்டுப் போனதையே தேடறீங்க. நல்லா ஓடறதுலயும் ஒண்ணு இருக்கு. இண்டக்ஷன்ல சோறுன்னு எழுதியிருந்தீங்களே, எந்த அரிசி?

தென்னந்தோப்பு | மே 7, இரவு 8.52

மட்ட அரிசிதாங்க டீச்சர், நம்ம கேரளாச் செவப்பரிசி. அப்பாவுக்கு அது இல்லைன்னா இறங்காது. முக்கால் மணி நேரம் வேகும்.

டீச்சரம்மா | மே 7, இரவு 9.30

அதான் கேட்டேன். 1200 வாட்ஸ்ல முக்கால் மணி நேரம்னா தினம் 0.9 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 54. ஆறு ஃபேன்ல ஒண்ணு தின்கிற அளவு.

உங்க ஊர்ல இருந்து ஒண்ணரை மணி நேரத்துல முண்டூர் போயிடலாம். அங்கே ஐஆர்டிசி இருக்குது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987-ல தொடங்கின கிராமத் தொழில்நுட்ப மையம். புகையில்லா அடுப்பை வீடு வீடாக் கொண்டு போன ஆளுங்க. அந்த ஆளுங்க பரப்பினதுதான் சூடாறாப்பெட்டி. மலையாளப் பேர்னு சொல்வாங்க, சொல்லிப் பாருங்க, அப்படியே தமிழ்தான். உள்ளே தெர்மாகோல் வெச்ச ஒரு பெட்டி, நடுவுல பானை உக்கார ஒரு குழி. அவ்வளவுதான், ஒரு வயரும் கிடையாது.

எங்க மாமியார் செய்யறதைச் சொல்றேன். மட்ட அரிசியைக் கழுவி, தாராளமா தண்ணி விட்டு, மூடி போட்டு ஏத்துவாங்க. கொதி வந்து மூடி தடதடன்னு ஆட ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம் பத்து நிமிஷம். அப்படியே பெட்டிக்குள்ள இறக்கி மேல்மூடியை அமுக்கிட்டு குளிக்கப் போயிடுவாங்க. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு எடுத்து கஞ்சி வடிச்சா சோறு மலர்ந்து நிக்கும். உள்ளே ஆவி கையைச் சுடும், அத்தனை சூடு. ஒரே ஒரு கட்டுப்பாடு, நடுவுல திறக்கக் கூடாது. வெந்துடுச்சான்னு ஒருத்தர் எட்டிப் பார்த்தா அன்னிக்கு எல்லாருக்கும் நறுக்கு அரிசிதான். எங்க வீட்ல அந்த ஒருத்தர் யார்னு சொல்ல மாட்டேன்.

காசு குடுத்து வாங்கணும்னுகூட இல்லை. அட்டைப்பெட்டிக்குள்ள வைக்கோலை அமுக்கி, நடுவுல பழைய கம்பளியில பானையைச் சுத்தி வெச்சாலும் வேலை நடக்கும்.

தோவாளைப்பூ | மே 7, இரவு 9.50

எங்க ஆச்சி மாங்காயைத்தான் வைக்கோலுக்குள்ள வைப்பா. சோத்தையும் வைக்கலாம்னு இப்பத்தான் கேக்கேன்.

கொச்சின்ரிட்டர்ன் | மே 8, காலை 9.15

ஃபேனுக்கு பிஎல்டிசி ஆறும் ஒண்ணா வாங்கிடலாமா? ஆன்லைன்ல தள்ளுபடி போகுது.

கட்டிங்பிளையர் | மே 8, மாலை 6.45

ஆறும் ஒண்ணா வேண்டாம். எது ராத்திரி பூரா ஓடுதோ அந்த ரெண்டு, மூணு போதும் முதல்ல. பூஜை ரூம்ல தினம் கால் மணி நேரம் ஓடற ஃபேனை மாத்தினா போட்ட காசு பேரன் காலத்துலதான் திரும்ப வரும். பிஎல்டிசி போட்டா சுவத்துல இருக்கற பழைய ரெகுலேட்டரைக் கழட்டிடணும், அதோட ஒத்துப் போகாது. இவங்க வீட்ல ரெண்டு ரூம்ல இன்னும் அந்தப் பெட்டி சைஸ் ரெகுலேட்டர் இருக்கு, தொட்டா சுடும். ஃபேனை மெதுவா வெச்சா மிச்சமாகுதுன்னு நினைப்போம். மிச்சமாக வேண்டியதுல பெரும்பங்கு அந்தச் சூட்டுலதான் போகுது.

இன்னொண்ணு, அந்தக் கான்கிரீட் ரூமு. மேற்கு ஜன்னலைக் கொசுன்னு சொல்லி ஆணி அடிச்சு மூடி வெச்சிருக்காங்க. கணவாய்க் காத்து அடிக்கற ஊருங்க இது! கஞ்சிக்கோட்டுல காத்தாடி நட்டுக் கரண்ட் எடுக்கறாங்க, அந்தக் காத்து ஜூன்ல மேற்கே இருந்து சும்மா வருது. ஜன்னலுக்கு வலை அடிச்சுத் திறந்து விட்டா மழைக்காலத்துல பாதி ராத்திரி ஃபேனே வேண்டாம்.

தென்னந்தோப்பு | மே 8, இரவு 9.20

ஜன்னலுக்கு ஆணி அடிச்சது அப்பாதான். இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டலை.

தென்னந்தோப்பு | ஜூலை 6, இரவு 8.10

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. பில் வந்தது: 371 யூனிட்.

பழைய பேட்டரியைக் கடையில எடைக்குப் போட்டுட்டு புதுசு மாத்தியாச்சு. அதுக்கு ஆன செலவைக் கேட்டு அப்பா ஒரு நாள் சாப்பிடலை, அப்புறம் சரியாயிட்டார். கேஸ்கெட் மாத்தியாச்சு, இப்ப ஃபிரிட்ஜ் நடுநடுவே அமைதியாகுது. முதல் நாள் அந்த அமைதியைக் கேட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப் போச்சுன்னு சம்சாரம் பயந்துட்டா. பெரிய ரூம் ரெண்டுக்கும் பிஎல்டிசி ஃபேன். முண்டூருக்குப் போகலைங்க டீச்சர், தேங்காய் வியாபாரி வாங்கி வெச்ச மீன் தெர்மாகோல் பெட்டி ஒண்ணு சும்மா கிடந்தது. அதை நாலு நாள் வெயில்ல காய வெச்சு, சாக்குத் துணி சுத்தி அம்மா பண்ணினாங்க. மீன் பெட்டியில சோறான்னு அப்பா முதல்ல தொடலை. இப்ப அவர்தான் மூடியை அமுக்கி வெச்சுட்டு வாசல்ல உக்காந்துக்கறார், பசங்க திறந்துடக் கூடாதுன்னு.

கணக்குப்புள்ளை ஐயா கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். ஜூன்ல மழை பிடிச்சுது, ஃபேன் குறைஞ்சுது, மோட்டாரும் குறைஞ்சுது. அதனால 269 யூனிட்டும் நாங்க மிச்சம் பிடிச்சதுன்னு சொல்ல மாட்டேன். அடுத்த ஏப்ரல் பில்லை வெச்சுத்தான் பேசணும்.

கணக்குப்புள்ளை | ஜூலை 6, இரவு 8.55

இப்பத்தான் தம்பி கணக்குப் பேசற மாதிரி பேசறீங்க. 500-க்குக் கீழே வந்தாச்சு, அது போதும்.

தென்னந்தோப்பு | ஜூலை 7, காலை 5.50

அண்ணா, ஒரு சந்தேகம். என்னுது இல்லை, அப்பாவோடது. இப்ப லைட்டை அணைக்கறதை விட்டுட்டார். அதுக்குப் பதிலா காலையில எந்திரிச்சதும் பையனோட செல்லை எடுத்துக்கிட்டு மீட்டர் முன்னால நிக்கறார். பழைய பால் கணக்கு நோட்டுல தேதி போட்டு நொடி எழுதறார். ராத்திரி எல்லாத்தையும் அணைச்சு, ஃபிரிட்ஜும் நின்ன பிறகு, நாலு நாளா 45 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டுதாம். அந்த 25 வாட்ஸ் யாரு திங்கறாங்கன்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லணுமாம்.

கட்டிங்பிளையர் | ஜூலை 7, காலை 7.05

புது பேட்டரி கொஞ்சம், இன்டர்நெட் பெட்டி கொஞ்சம், மீதி செட்டாப் பாக்ஸ். ரிமோட்ல அணைச்சா டிவிதான் தூங்கும், அந்தப் பெட்டி முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். சுவத்துல சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க.

தென்னந்தோப்பு | ஜூலை 7, காலை 7.20

அணைச்சுட்டார். அம்மா பதிவு பண்ணப் போட்டிருந்த சீரியல் போயிடுச்சு. மறுபடியும் சண்டை.